இரலை, ரைஃபிள், தடைக்காலம்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கட்டுமாவடி மீன் ஏலத்துக்கு நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டும் இறாலும் கணவாயும்தான். விலை ஏறும், வாங்க வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். நிவாரணத் தொகை போதாது என்ற குறை உண்டு, நாட்களை மாற்றி வைக்கலாம் என்ற பேச்சும் உண்டு. தடைக்காலமே வேண்டாம் என்று சொல்லும் கடற்கரைக்காரரைக் காண்பது அரிது. சினைமீனை அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் வலையில் என்ன விழும் என்ற கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கை மானுக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் அமெரிக்காவிலும் இரலை இனத்துப் பெரிய விலங்குகளைக் கறிக்காகச் சுடுவது சட்டம் அனுமதிக்கும் தொழில். நூறு ஆண்டுக்கு முந்தைய வடிவமைப்புள்ள ரைஃபிள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு அந்த வேட்டைக்கு இன்றும் எடுத்துப் போகிறார்கள். நம் நாட்டில் அதே செயலுக்குச் சிறைத் தண்டனை. எது நியாயம்?

நமக்கு இது வெளியூர்க் கேள்வி இல்லை. கட்டுமாவடியிலிருந்து கரையை ஒட்டியே போனால் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை வரும். அங்கே இரலை மேய்கிறது.

எந்த மான்?

தமிழில் 'மான்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. புள்ளிமானும் கடமானும் ஒரு குடும்பம். அவற்றில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. அது கிளைவிட்டு வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். இரலை வேறு வகை. அது மாடு, ஆடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளே எலும்பு, மேலே உறை என்று அமைந்த அதன் கொம்பு கிளைவிடாது, ஆயுளுக்கும் உதிராது.

இந்தியச் சமவெளிகளிலும் குறுங்காடுகளிலும் வாழும் இரலை இனங்கள் நான்கு. வெளிமான், புல்வாய் என்றெல்லாம் பெயர் பெற்ற முறுக்குக் கொம்பு இரலை, பாலைநிலத்துச் சிங்காரா, நாற்கொம்பு மான், நீல்காய். இனி வெறுமனே இரலை என்றால் இந்த முறுக்குக் கொம்பு இரலைதான். அதன் ஆண் பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ. நீல்காய் ஆண் 200 கிலோவைத் தாண்டும். ஆசியாவின் மிகப் பெரிய இரலை இனம் அதுதான், தமிழ்நாட்டுக் காடுகளில் அது இல்லை. ஆப்பிரிக்காவின் ஈலாண்ட் இதைவிடப் பெரியது. முதிர்ந்த ஆண் 500 கிலோவிலிருந்து 900 கிலோ வரை இருக்கும்.

தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆணை இரலை என்றும் கலை என்றும் அழைக்கிறது. பெண் பிணை, குட்டி மறி. ஒரு விலங்கை ஆண், பெண், குட்டி என்று பிரித்துப் பெயரிட்ட சமூகம் அதை அருகிலிருந்து கவனித்திருக்க வேண்டும். எதை அடிக்கலாம், எதை விடவேண்டும் என்று முடிவு செய்கிறவனுக்கு முதலில் தேவைப்படும் அறிவு அதுதான்.

அம்பும் வலையும் கூறும்

சங்கப் பாடல்களில் வேட்டை வெறும் வீரக் கதையாக வருவதில்லை, அடுப்பெரிக்கும் அன்றாட வேலையாகவே நிறைய வருகிறது. வேட்டுவரான எயினரின் குடியிருப்பில் மான்தோலும் வலையும் நாயும் வீட்டுச் சாமான்கள். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை முதல் உடும்பு வரை துளைத்துப் போனதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த வரிசையில் கலைமானும் உண்டு. அதே இலக்கியப் பரப்பில், கலித்தொகையில், கடும் வெயிலில் ஒரு கலைமான் தன் நிழலைப் பிணைக்குத் தந்து நிற்கிறது. கொல்லும் கையும் உருகும் மனமும் ஒரே மண்ணில் இருந்தன.

அந்தக் காலத்து வேட்டைக்கு இயல்பான எல்லை ஒன்று இருந்தது. இரலை வெட்டவெளியில் வாழும். மறைவிடம் தேடி ஓடாது, கண்ணை நம்பி நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய கால்கள் அதற்கு உண்டு. ஓட்டத்தில் அதை மிஞ்சிய விலங்கு இந்தியாவில் சிவிங்கிப்புலி ஒன்றுதான். வில்லோடு வந்தவன் மிக அருகே நெருங்க வேண்டும், வலை விரித்தவன் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பல நாள் வெறுங்கையோடு திரும்ப நேரும். அந்த வெறுங்கைதான் அன்றைய தடைக்காலம்.

கிடைத்ததைப் பகிர்வதற்கும் முறை இருந்தது. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டிப் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்துவந்த பாரிவேட்டையில் ஊரே கம்போடும் நாயோடும் கிளம்பும். அகப்படுவது பெரும்பாலும் முயல்தான். கறியைக் கூறு போடும்போது நாய் கொண்டுவந்தவருக்கும் ஒரு கூறு உண்டு. அதுவும் இன்று சட்டப்படி குற்றம், வனத்துறை தடுக்கிறது. நாட்டுத் துப்பாக்கியோடு கரம்பைகளில் திரிந்து வயிறு வளர்த்த நரிக்குறவர்களுக்கு 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு குலத்தொழிலே குற்றமாயிற்று. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஜனவரி ஆயிற்று. தொழிலைப் பறித்ததற்கும் உரிமை தந்ததற்கும் நடுவே ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. வேட்டைத் தடையை ஆதரிக்கிற யாரும் இந்த ஐம்பது ஆண்டை மறக்கக் கூடாது. நான் தடையை ஆதரிக்கிறவன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

தூரம் செத்த கதை

ரைஃபிள் என்பது குழலுக்குள் சுழல் புரி வெட்டிய துப்பாக்கி. அந்தப் புரி தோட்டாவைப் பம்பரம்போலச் சுழற்றி அனுப்புவதால் அது திசை மாறாமல் போகும். கருமருந்து காலத்தில் அதற்கும் வரம்பு இருந்தது. குண்டு கனமானது, வேகம் குறைவு, வெடித்ததும் புகை மண்டிக் கண்ணை மறைக்கும். 1880-களில் புகையில்லாத வெடிமருந்து வந்ததும் எல்லாம் மாறிற்று. பிரிட்டிஷ் ராணுவம் 1888-இல் .303 தோட்டாவை ஏற்றது. ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த பூட்டு அமைப்பு இன்றைய வேட்டை ரைஃபிள்கள் பலவற்றுக்கும் மூலம். லண்டன் ரிக்பி நிறுவனம் மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு .275 என்று பெயரிட்டு விற்றது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த ரைஃபிள்களில் அதுவும் ஒன்று. 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வெளியிட்ட .375 ஈலாண்ட் போன்ற பெரிய உடம்புக்குப் போதுமானது. பழைய ரைஃபிள் என்று இன்று வேட்டைக்காரர்கள் போற்றுவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான். வால்நட் மரக்கட்டை, கையால் இழுத்துத் தள்ளும் பூட்டு, ஒரு சமயத்தில் ஒரே குண்டு.

இவை மானுக்கு என்ன செய்தன என்று பார்க்க ஒரு கணக்கு போதும். 1910-இல் வந்த 'மார்க் 7' வகை .303 தோட்டாவில் உள்ள குண்டின் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். அது நொடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் இரலைக்குச் சத்தம் போய்ச் சேருமுன் குண்டு சேர்ந்துவிடும். சிவிங்கி எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஓடவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண்ணுக்கு, 200 மீட்டரில் நிற்கும் மனிதன் ஆபத்தாகவே தெரியவில்லை. இரலையின் காவலாக இருந்தது தூரம். ரைஃபிள் முதலில் கொன்றது அதைத்தான்.

காலனி அரசு துப்பாக்கியைக் கட்டுப்படுத்தியது, ஆனால் மானுக்காக அல்ல, தன் பாதுகாப்புக்காக. கலகக்காரர் கையில் ராணுவத் தோட்டா போய்விடும் என்று அஞ்சி 1907 வாக்கில் .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் வராமல் தடுத்தது. லண்டன் கடைக்காரர்கள் உடனே .470, .465 என்று புது அளவுகளைச் செய்து அனுப்பினார்கள். ராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இந்தியரின் உரிமத் துப்பாக்கியாயிற்று. அதன் தோட்டா ஆஸ்திரிய மான்லிக்கரின் பழைய 8 மில்லிமீட்டர் வடிவத்திலிருந்து வந்தது.

வேட்டைக் காடுகளும் அந்த நாளில் ஆளுவோர் உடைமை. சென்னையில் கிண்டி ஆளுநரின் வேட்டைக் காடாக இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் குறுங்காடுகளில் தொண்டைமான் மன்னர்களுக்கு வேட்டை உரிமை. கட்டுமாவடி அந்தச் சமஸ்தானத்துக்கு வெளியே, பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் பழைய சமஸ்தானப் பகுதியும் இந்தக் கரையும் ஒன்றாயின. மன்னர் வீட்டுத் துப்பாக்கிப் பழக்கம் இப்போது வேறு தடத்தில் போகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். குறிபார்க்கும் திறமைக்கு உயிர் தேவையில்லை என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

காகிதத்தில் இருந்த தடைக்காலம்

இந்தியாவில் மானுக்குத் தடைக்காலம் இருந்ததே இல்லை என்று நினைத்தால் தவறு. 1877-இல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சங்கம் அமைத்தார்கள். 1879-இல் அந்த மலைக்கென ஒரு சட்டம் வந்து உரிமமும் தடைக்காலமும் விதித்தது. 1912-இல் இந்தியா முழுவதற்கும் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இரலை இனங்களையும் பட்டியலில் சேர்த்து, அவற்றுக்குத் தடைக்காலம் அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது.

அது ஏன் காப்பாற்றவில்லை? மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, எத்தனை மான் இருக்கிறது என்று எவரும் எண்ணவில்லை. இரண்டு, வேட்டைக் காட்டுக்கு வெளியே மேய்ந்த இரலைக்குப் பொறுப்பாளி இல்லை. மேய்ச்சல் நிலம் உழவு நிலமாக மாறியபோது கேட்க ஆளில்லை. மூன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் மலிந்தது. இரவில் விளக்கடித்து, கண் கூசி நிற்கும் மந்தையை வண்டியிலிருந்தே சுடும் பழக்கம் பரவிற்று. வேட்டைக்காரரிலேயே பழைய ஒழுக்கம் உள்ளவர்கள் இதை வேட்டை என்று ஒப்பவில்லை. வெறுங்கையோடு திரும்பும் நாள் இல்லாமல் போயிற்று. இரலையைத் துரத்தி வாழ்ந்த சிவிங்கி 1952-இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அதை நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விடவேண்டி வந்தது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1960-களின் இறுதியில் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஊர் ஊராகப் போய்க் கண்டு பதிவு செய்தார். எண்ணாமல் காக்க முடியாது என்ற அறிவு அப்போதுதான் வேர்விட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரலை முதல் அட்டவணையில் ஏறியது. 1991 திருத்தம் உரிம வேட்டையை முழுவதும் மூடியது. ராஜஸ்தானில் இரலைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த பிஷ்னோய் மக்களின் விடாப்பிடியால், 1998-இல் ஜோத்பூர் அருகே நடந்த இரலை வேட்டை வழக்கு இருபது ஆண்டு ஓடி, 2018 ஏப்ரலில் ஒரு புகழ்பெற்ற திரை நடிகருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்படும் வரை போயிற்று. அந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தார். இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இரலை உடனடி ஆபத்தில்லாத விலங்கு. இந்தத் தடை பலன் தந்திருக்கிறது.

கறி என்பது என்ன?

வேட்டைக் கறியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. புல் தின்று திரிந்த விலங்கின் கறியில் கொழுப்பு குறைவு. கூண்டில் அடைக்காத, லாரியில் ஏற்றாத உயிர். நல்ல கையில் உள்ள ரைஃபிள், தோள்பட்டைக்குப் பின்னே நெஞ்சைத் துளைத்தால் சாவு சில நொடியில் வந்துவிடும்.

அந்த 'நல்ல கை'தான் சிக்கல். குண்டு வயிற்றில் பட்டால் மான் வெகுதூரம் ஓடும். பயத்தில் ஓடிக் களைத்த உடம்பில் தசையின் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், கறி கறுத்து உலர்ந்து சீக்கிரம் கெடும். உடனே இரத்தம் வடித்து, குடலை அகற்றி, குளிரவைக்க வேண்டும். முஸ்லிம் வேட்டைக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு விழுந்த மானிடம் ஓடுவது உயிர் போகுமுன் அறுப்பதற்காக. தென்னாப்பிரிக்கர்கள் கறிவேட்டையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வினிகரும் உப்பும் மிளகும் கொத்தமல்லியும் தடவி, காற்றில் உலர்த்தி அவர்கள் செய்யும் பில்டாங் நம் உப்புக்கண்டத்துக்கு உறவு. 1860 முதல் நேட்டாலில் குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்களுக்கு அது பழகிய தின்பண்டம். நம் கரையின் புழுக்கத்தில் ஐஸ் இல்லாத மீன் எத்தனை நேரம் தாங்கும் என்று கட்டுமாவடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். மான் கறிக்கும் அதே கதிதான்.

ஈயம் இன்னொரு சங்கதி. வேகமாகப் பாயும் ஈயத் தோட்டா உள்ளே சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் குண்டு பட்ட இடத்திலிருந்து விலகியும் கறியில் தங்கும். சுடப்பட்ட விலங்கின் கழிவைத் தின்ற காண்டார் கழுகுகள் ஈயம் ஏறிச் செத்ததால், கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடுத்துவிட்டது. அங்கே பலர் இப்போது செம்புத் தோட்டாவுக்கு மாறியிருக்கிறார்கள்.

எடையையும் பார்க்கலாம். உயிர் எடையில் ஏறத்தாழ பாதிதான் கறியும் எலும்புமாகத் தேறும். ஒரு ஈலாண்ட் ஓர் ஊருக்கே சோறு. ஒரு நீல்காய் பல குடும்பங்களுக்கு ஆகும். நம் இரலையில் இருபது கிலோ சொச்சம், நல்ல வெள்ளாட்டில் கிடைப்பதுதான். ஆட்டுச் சந்தையில் கிடைக்கும் கறிக்காகக் கோடியக்கரை இரலையைச் சுட வேண்டிய தேவை தமிழ்நாட்டில் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

சுடுவதால் பெருகிய இடங்கள்

வேட்டை நடந்தும் விலங்கு பெருகிய நாடுகள் உண்டு. நமீபியா 1975-இல் ஒரு சட்டத்தால் பண்ணை நிலத்து மான்களைப் பயன்படுத்தும் உரிமையை நில உரிமையாளருக்குத் தந்தது. 1996-இல் அதே உரிமை கிராமச் சமூகங்களுக்கும் போயிற்று. தென்னாப்பிரிக்கா 1991-இல், முறையாக வேலியிட்ட நிலத்து விலங்கு தப்பி வெளியே போனாலும் உரிமையாளரின் சொத்தே என்று சட்டம் செய்தது. விளைவாக, ஆடு மாடு மேய்ந்த வறண்ட நிலங்களில் பலர் ஈலாண்டும் கூடு என்ற இன்னொரு இரலையும் வளர்க்கத் தொடங்கினார்கள். எண்ணுகிறார்கள், இந்த ஆண்டு இத்தனை என்று ஒதுக்குகிறார்கள், மீதியை விடுகிறார்கள்.

நம் நீல்காயே அமெரிக்காவில் ஒரு பாடம். டெக்சஸ் மாநிலத்தின் கிங் பண்ணையில் 1920-களில் தொடங்கிக் கொண்டுவந்து விட்ட நீல்காய்கள் அந்தக் கடற்கரைச் சமவெளியில் பல ஆயிரமாகப் பெருகிவிட்டன. நம் இரலையும் 1932-இல் அதே மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே இவை வந்தேறி விலங்குகள். ஆண்டு முழுதும் சுடலாம், பரிசோதித்த கறி உணவகங்களுக்குப் போகிறது. மாட்டுக்கு நோய் பரப்பும் உண்ணிகளை நீல்காய் சுமப்பதால் அரசே குறைக்கச் சொல்கிறது.

தடை மட்டுமே காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. கென்யா 1977-இல் வேட்டையை முழுவதும் தடை செய்தது. அதன் பின் 2016 வரை அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டுகிறது. மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று, கால்நடை பெருகிற்று, திருட்டு வேட்டை நின்றபாடில்லை. இந்த நாடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், முடிவைத் தீர்மானித்தது துப்பாக்கி இருந்ததா இல்லையா என்பது மட்டும் இல்லை என்று தெரிகிறது. எண்ணினார்களா, யாருக்குப் பொறுப்பு, எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு உண்டா, இந்த மூன்றும்தான் தீர்மானித்தன.

மோகாமாவின் குழி

மூன்றில் ஒன்றும் இல்லாமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் உதாரணம் உண்டு. பீகார் உழவர்கள் நீல்காய் மந்தைகளால் கோதுமையும் பருப்பும் இழந்துவந்தார்கள். 2015 டிசம்பர் 1-இல் மத்திய அரசு பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் ஓராண்டுக்குத் தீங்குயிர் என்று அறிவித்தது. 2016 ஜூனில் மோகாமாவில் வெளியூரிலிருந்து வரவழைத்த சுடுநர்கள் சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். மத்திய அமைச்சர்களுக்குள்ளேயே வெளிப்படையாகச் சண்டை மூண்டது. சுட்ட விலங்குகள் குழியில் புதைக்கப்பட்டன. பெயரில் பசு (இந்தியில் 'காய்') இருப்பதால் உண்பார் இல்லை.

நம் பக்கத்தில் அந்த இடத்தில் நிற்பது காட்டுப்பன்றி. கேரளம் 2022-இல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்றது. ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லை, நடுவில் உள்ள பகுதியில் பிடிக்கலாம். இங்கும் கறி குழிக்குத்தான்.

உழவரின் கண்ணீரை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரே இரவில் கடலைக் கொல்லை முழுவதும் கிளறிக் கிடப்பதைப் பார்த்தவனுக்கு வனவிலங்குப் பாசம் பேசுவது கேட்கச் சகிக்காது. ஆனால் கொன்று புதைப்பது எந்த நியாயத்திலும் சேராது. சுடவேண்டிய நிலை வந்தால் எண்ணி, பயிற்சி பெற்றவர் கையால், தகுந்த ரைஃபிளால் சுடவேண்டும். இழப்பீடு தாமதமின்றி உழவர் கைக்கு வரவேண்டும். கறி என்ன ஆகும் என்ற கேள்வியைச் சட்டமன்றம் வெளிப்படையாகப் பேசவேண்டும். கள்ளச் சந்தைக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்குக் குழி மட்டுமே பதிலாக முடியாது.

கோடியக்கரையின் கணக்கு

1967-இல் இரலைக்காகவே அறிவிக்கப்பட்டது கோடியக்கரை சரணாலயம். பரப்பு இருபது சதுர கிலோமீட்டரை ஒட்டியது. 2002-இல் அதைச் சுற்றியுள்ள உப்பளச் சதுப்புகளையும் சேர்த்து ராம்சர் ஈரநிலமாயிற்று. தூத்துக்குடி அருகே வல்லநாட்டில் 1987-இல் இன்னொரு சரணாலயம். சென்னையில் கிண்டி உண்டு. மோயாற்றுப் பள்ளத்தாக்கும் உண்டு. தமிழ்நாட்டு இரலைகள் இப்படித் தனித்தனித் தீவுகளில் வாழ்கின்றன. ஒரு தீவில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து தானாக வந்து நிரப்ப வழி இல்லை.

கோடியக்கரை இரலைக்கு இன்றைய எதிரி ரைஃபிள் இல்லை. சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்கிறது. காட்டில் திரியும் குதிரைகள் அதே புல்லை மேய்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது இரலைகளும் செத்தன, சில உடல்களைக் கடல் காரைக்கால் வரை கொண்டுபோய் ஒதுக்கிற்று. அன்றைக்குக் கட்டுமாவடியிலும் பேராவூரணிப் பக்கத்திலும் தென்னை வீழாத தோப்பு இல்லை. நம் துயரத்தில் அந்த மான்களை எண்ண நமக்கு அப்போது நேரம் இருக்கவில்லை. எண்ணிக்கை குறைந்து ஒடுங்கிய ஒரு கூட்டத்தை ஒரே புயல் இவ்வளவு அலைக்கழிக்குமானால், அதிலிருந்து கறிக்கு ஒதுக்க மிச்சம் என்று எதைச் சொல்வது?

நமீபியாவின் நியாயம் நமீபியாவுக்குச் சரி. அங்கே நிலம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பொறுப்பாளி இருக்கிறார். டெக்சஸ் நியாயம் வந்தேறி விலங்குக்குச் சரி. இரண்டையும் கோடியக்கரைக்குக் கொண்டுவர முடியாது.

ஆவுளியா சொன்ன பதில்

நம் கரையில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறோம். அந்த விலங்கு இரலை இல்லை, ஆவுளியா. கடற்பசு. பாக் விரிகுடாவின் கடற்புல்லை மேய்ந்து வாழும் இந்தச் சாது விலங்கைக் கறிக்காகப் பிடித்துத் தின்ற காலம் ஒன்று இருந்தது. மூத்தவர்கள் அந்தக் கறியின் ருசியை இன்னும் சொல்வார்கள். பெண் ஆவுளியா பல ஆண்டுக்கு ஒரு முறை ஒரே குட்டி ஈனும். பிடித்த வேகத்துக்குப் பெருகும் வேகம் ஈடு கொடுக்கவில்லை.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கட்டுமாவடிக் கடலும் அந்த எல்லைக்குள்தான். வலையில் மாட்டிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் தந்திருக்கிறது. வலையை அறுப்பது சின்ன விஷயமில்லை. கடன் வாங்கி வாங்கிய வலை அது. அதை அறுத்து ஒரு விலங்கைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் மனிதருக்கு வேட்டை தெரியும், கறி தெரியும், அதோடு கணக்கும் தெரியும். அவர் கறி வேண்டாம் என்பவர் இல்லை, மறுநாள் அதே கடலில் இறாலுக்குப் போகிறவர்தான்.

கறிவேட்டை பற்றி நான் கற்றுக்கொண்டதன் சாரம் அந்த மீனவர் கையில் இருக்கிறது. உண்பதற்காகக் கொல்வதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, மீன் ஏலத்தில் வளர்ந்த ஊர்க்காரன் நான். பழைய ரைஃபிளின் நேர்த்தியையும் மறுக்க மாட்டேன். ஆனால் எதை எடுக்கிறோமோ அது மீண்டும் நிரம்புகிறதா என்று பார்க்காமல் எடுப்பது உணவு தேடுவது ஆகாது. கடலில் 61 நாள் போதுகிறது, மீன் லட்சம் லட்சமாக முட்டையிடுகிறது. இரலை ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அது மேயப் புல்வெளியும், ஓட வெளியும் திரும்பக் கிடைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதைப் பொறுத்தது அதன் தடைக்காலம். 1972-இல் தொடங்கிய அந்தத் தடைக்காலம் கோடியக்கரையில் இன்னும் முடியவில்லை.